கொட்டகையை அடைப்பதற்கு முன்

வீட்டோடு ஒட்டாமல் தனியே நிற்கும் தீவன அறை, விறகுக் கொட்டில், வண்டி ஷெட், கோழிக்கூண்டு ஆகியவற்றில் புகுந்துகொள்ளும் விலங்குகளையும் பூச்சிகளையும் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில் எழுதியிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். ஒரே சிக்கலைப் பலர் எழுதியிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: தோட்டத்து மூலையில் சாமான்கள் போட்டுவைக்கும் அறையில், பழைய சாக்குகளுக்கு நடுவே ஒரு தெருப்பூனை நான்கு குட்டிகள் ஈன்றிருக்கிறது. குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. அறையைக் காலி செய்து பூட்டியாக வேண்டிய அவசரத்தில் இருக்கிறேன். குட்டிகளைத் தூக்கிக்கொண்டுபோய் வேறெங்காவது விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். பூனைக்குட்டிகளுக்குப் பிறந்த 7 முதல் 14 நாட்களுக்குள் கண் திறந்துவிடும் என்பதால், நீங்கள் பார்த்தவை பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாதவை. அந்த வயதில் அவற்றால் தம் உடற்சூட்டைத் தாமே காத்துக்கொள்ள முடியாது; சில மணி நேரத்துக்கு ஒருமுறை பால் குடித்தாக வேண்டும். தாயை விட்டுப் பிரித்துக் கொண்டுபோய் விடுவது கொல்வதற்குச் சமம். பாவமே என்று பசும்பாலை ஊற்றினால் அது செரிக்காமல் வயிற்றுப்போக்கு கண்டுவிடும்.

பூனையின் சுபாவமே உங்களுக்குக் கைகொடுக்கும். இருக்குமிடம் பாதுகாப்பில்லை என்று தோன்றினால் தாய்ப்பூனை குட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுத்துத் தோலில் கவ்வி வேறிடத்துக்கு மாற்றிவிடும். ஆகவே அறைக்கு வெளியே, மழைச்சாரலும் வெயிலும் படாத ஓர் ஓரத்தில், ஓர் அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, உள்ளே பழந்துணி விரித்து வையுங்கள். பிறகு பகலில் கதவைத் திறந்தே வைத்து, விளக்கைப் போட்டு, சாக்குகளுக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும் சாமான்களை அவ்வப்போது நகர்த்திக்கொண்டிருங்கள். விரட்டவோ கத்தவோ வேண்டியதில்லை. பெரும்பாலும் ஓரிரு இரவுகளில் அது தானே இடம் மாறிவிடும். நீங்கள் வைத்த பெட்டியை விட்டுவிட்டு வேறோர் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் அதற்கும் மனத்தாங்கல் கொள்ளாதீர்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது பரவலான நம்பிக்கையே ஒழிய உண்மையில்லை. எனவே வேறு வழியே இல்லையென்றால், தாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாக் குட்டிகளையும் ஒருசேர அருகிலுள்ள பெட்டிக்கு மாற்றலாம்.

பூட்டுவதற்கு முன் உள்ளே ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொள்வதில்தான் பலரும் தவறுகிறோம், நான் உட்பட. பல ஆண்டுகளுக்கு முன், தாய்ப்பூனை மூன்று குட்டிகளைக் கவ்விக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அன்று மாலையே விறகுக் கொட்டிலின் ஓட்டையைப் பலகை வைத்து ஆணி அடித்துவிட்டேன். நள்ளிரவில் வெளியே தாய் கத்த, உள்ளிருந்து மெல்லிய குரல் ஒன்று பதில் சொன்னது. நான்காவது குட்டி விறகு அடுக்குக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. டார்ச் வெளிச்சத்தில் பலகையைப் பெயர்த்து எடுத்த அந்த இரவுக்குப் பிறகு, வாசலில் ஒரு கைப்பிடி மாவைச் சல்லடையால் தூவி, தொடர்ந்து இரண்டு இரவுகள் காலடித் தடம் விழவில்லை என்று பார்த்த பிறகுதான் எதையும் அடைக்கிறேன்.

குட்டிகள் ஏறக்குறைய எட்டு வாரத்தில் பால் மறந்துவிடும். அந்தச் சமயத்தில் தாய்க்குக் கருத்தடை அறுவை செய்யாவிட்டால் இதே கேள்வியை நீங்கள் மறுபடியும் எழுத வேண்டி வரும். ஏனெனில் பூனையின் சினைக்காலம் இரண்டு மாதத்துக்குச் சற்றே அதிகம், பெண்குட்டிகளோ நான்கைந்து மாதத்திலேயே பருவமடைந்துவிடும். அந்தப் பக்கம் திரியும் மற்றப் பூனைகளின் காது நுனி நேர்கோடாக வெட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல நாடுகளில் கருத்தடை செய்யப்பட்ட தெருப்பூனைக்கு அதுவே அடையாளம்.

பூனைக்குடும்பம் போன பிறகு அறை பல வாரங்கள் பூட்டிக் கிடந்தால், திறந்து உள்ளே நுழைந்தவுடன் கால்களில் சுருக் சுருக்கென்று கடி விழக்கூடும். தெள்ளுப்பூச்சியின் கூட்டுப்புழு கூட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் காத்திருந்து, காலடி அதிர்வும் உடற்சூடும் பட்டவுடன் வெளிவரும். சாக்குகளைச் சுடுநீரில் துவைத்துவிட்டு, தரை இடுக்குகளை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுப்பது மருந்து தெளிப்பதைவிட முதலில் செய்ய வேண்டியது. பினாயில் போட்டுக் கழுவினால் தரை முழுவதும் உலரும்வரை எந்தப் பூனையையும் அண்டவிடாதீர்கள். பாதத்தில் ஒட்டிய பினாயிலை நக்கினால் அதன் கல்லீரலால் அந்த நஞ்சை முறிக்க முடியாது.

கேள்வி: தீவன மூட்டைகள் அடுக்கியிருக்கும் அறையில் எலித்தொல்லை தாங்க முடியவில்லை. இரண்டு பொறிகள் வைத்தேன். நான்கு நாட்களாக ஒன்றும் விழவில்லை. மருந்து வைத்தாலும் தொடுவதில்லை. இருப்பதிலேயே வலுவான மருந்து எது என்று சொல்லுங்கள்.

பதில்: மருந்தின் பெயரைக் கேட்டிருக்கிறீர்கள், எலி ஏன் அதைத் தொடவில்லை என்பதிலிருந்து தொடங்குவோம். மூட்டை மூட்டையாகத் தீவனம் அடுக்கி வைத்திருக்கும் அறையில், மூலையில் கிடக்கும் நீலநிறத் துண்டைத் தின்ன வேண்டிய கட்டாயம் எலிக்கு என்ன இருக்கிறது? விருந்து நடக்கும் வீட்டில் மிட்டாய் காட்டிக் கூப்பிடுவது போன்றது அது. இறுக மூடும் தகர டிரம்களில் தீவனத்தை மாற்றி, சிந்தியதைக் கூட்டி அள்ளி, ஒழுகும் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யும் வரை பொறியும் மருந்தும் வீண்செலவு.

அடுத்ததாக, வந்திருப்பது எது என்று பாருங்கள். புழுக்கையே சொல்லிவிடும். அரிசி மணியைவிடச் சிறியதாக, 3 முதல் 6 மில்லிமீட்டர் நீளத்தில் எங்கும் இறைந்து கிடந்தால் சுண்டெலி. ஒரு சுண்டெலி நாளொன்றுக்கு 50-க்கும் மேல் போடும் என்பதால் எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஏறக்குறைய 12 மில்லிமீட்டரில் முனை கூராக இருந்தால் கூரையில் ஏறித் திரியும் கறுப்பெலி. அதைவிடப் பெரியதாக, முனை மழுங்கி இருந்தால் தரையில் வளை தோண்டும் பெரிய எலி. டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடித்தால், சுவரோரத்தில் தூசியில் பதிந்த பாதத் தடங்களும், எலி தினமும் உரசிப்போகும் இடத்தில் படிந்த கரிய எண்ணெய்ப் பிசுக்கும் தெரியும். அதுதான் அதன் ராஜபாட்டை. பொறி அங்கேதான் இருக்க வேண்டும், நடு அறையில் அல்ல.

இடையில் ஒன்று: நீண்ட மூக்கோடு, கஸ்தூரி போன்ற நெடியடிக்க, கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டு சுவரோரம் ஓடுவது மூஞ்சூறு. அது எலி இனமே அல்ல. கரப்பானையும் பூச்சிகளையும் தின்று உங்களுக்கு உதவி செய்துகொண்டிருக்கிறது. அதை விட்டுவிடுங்கள்.

சுண்டெலிக்குப் புதிய பொருள் என்றால் ஆர்வம். பெரிய எலிக்கோ அச்சம். நேற்றுவரை இல்லாத ஒன்று இன்று வழியில் இருந்தால் அது நாட்கணக்கில் சுற்றிப் போகும். உங்கள் பொறிகள் நான்கு நாள் சும்மா கிடந்ததற்குக் காரணம் இதுதான். பொறியில் இரையை மட்டும் வைத்து, வில்லை மாட்டாமல், நான்கைந்து நாட்கள் பயமில்லாமல் தின்னவிடுங்கள். எல்லாப் பொறிகளிலும் இரை காணாமல் போகத் தொடங்கிய பிறகு ஒரே இரவில் எல்லா விற்களையும் மாட்டுங்கள். பொறி சுவருக்குச் செங்குத்தாக, இரை இருக்கும் முனை சுவரைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். இரண்டு பொறி போதாது. ஓர் அறைக்கு ஆறேழு வேண்டும். பசைத்தட்டை நான் பரிந்துரைப்பதில்லை: மாட்டிய எலி மணிக்கணக்கில் துடித்துச் சாகும், பல்லியும் குருவியும் சேர்ந்தே ஒட்டிக்கொள்ளும். இங்கிலாந்தில் 2024 முதல் உரிமம் பெறாதவர்கள் எலி பிடிக்க அதைப் பயன்படுத்துவது குற்றம்.

மருந்துக்கு வருகிறேன். பெரும்பாலான எலி மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுப்பவை. இவற்றின் வரலாறே ஒரு தீவனக் கொட்டகையில்தான் தொடங்கியது. 1920-களில் வட அமெரிக்காவில் பூசணம் பிடித்த ஸ்வீட் குளோவர் என்ற உலர்தீவனத்தைத் தின்ற மாடுகள் சிறு காயத்திலும் இரத்தம் நிற்காமல் மாண்டன. விஸ்கான்சினில் கார்ல் லிங்க் என்ற வேதியியல் அறிஞரின் குழு அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அந்த வழியில் உருவான வார்ஃபாரின் 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. இன்று அதையே மருத்துவர்கள் அளவாக மனிதர்களுக்கும் கொடுக்கிறார்கள். இவ்வகை மருந்தைத் தின்ற எலி சாகச் சில நாட்கள் ஆகும். அந்த நாட்களில் அது தள்ளாடித் தள்ளாடித் திரியும்போது பூனையோ ஆந்தையோ பிடித்துத் தின்றால் நஞ்சு அதற்கும் போய்ச் சேரும். எலியை ஒழிக்கும் ஆந்தையைக் கொன்றுவிட்டு, மறுபருவத்தில் இன்னும் அதிகமான எலிகளோடு நிற்போம். துத்தநாகப் பாஸ்பைடு கலந்த கறுப்புப் பொடிக்கு மாற்றுமருந்தே கிடையாது. அலுமினியப் பாஸ்பைடு மாத்திரைகளிலிருந்து வெளிவரும் வாயு, பக்கத்து அறையில் தூங்குபவரையும் கொன்றுவிடும். பயிற்சி பெற்றவர்களைத் தவிர யாரும் கையால் தொடக்கூடாது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை ஆகிவிட வேண்டாம்.

கடைசியாக அடைப்பு. பென்சில் நுழையும் அளவு இடைவெளி, அதாவது 6 மில்லிமீட்டர் இருந்தாலே சுண்டெலிக்குப் போதும். வளையைச் சட்டென்று சிமென்ட் போட்டு மூடாதீர்கள். முதலில் செய்தித்தாளைக் கசக்கித் தளர்வாகத் திணித்து வையுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்தும் தாள் அசையாமல் இருந்தால் உள்ளே ஆளில்லை. வெளியே தள்ளப்பட்டிருந்தால் பொறியை அந்த வாயிலிலேயே வைக்கலாம். ஆளில்லாத வளையில் எஃகுக் கம்பிப் பஞ்சை அடைத்து, மேலே சிமென்ட் பூசுங்கள். கடைகளில் டப்பாவில் விற்கும் நுரையை மட்டும் நம்பாதீர்கள், எலி அதை ஒரே இரவில் கொறித்துவிடும். கதவின் அடிப்பகுதியில் தகரப் பட்டி அடியுங்கள். எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும்; கொறிப்பதை அது நிறுத்தப்போவதில்லை என்பதால் கொறிக்க முடியாத பொருளைத்தான் நாம் வைத்தாக வேண்டும்.

கேள்வி: எலிகள் போய்விட்டன. அறை முழுவதும் புழுக்கை. எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: உலர்ந்த நிலையில் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். எலியின் எச்சத்திலிருந்து கிளம்பும் தூசியோடு ஹான்டா வைரஸ் போன்ற கிருமிகள் மூச்சில் ஏறக்கூடும். கதவு, ஜன்னல்களைத் திறந்து அரை மணி நேரம் காற்றோட விட்டுவிட்டு, ரப்பர் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்தை ஒன்பது பங்கு தண்ணீரில் கலந்து, புழுக்கை நன்றாக நனையும்படி தெளியுங்கள். ஐந்து நிமிடம் ஊறிய பிறகு காகிதத்தால் துடைத்து அள்ளி, பையில் கட்டி எறியுங்கள். பிளீச்சுடன் அமிலத்தையோ அம்மோனியா கலந்த திரவத்தையோ சேர்க்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். அறையில் தண்ணீர் தேங்கியிருந்தால் வெறுங்காலோடு இறங்காதீர்கள். எலிச் சிறுநீரில் வரும் லெப்டோஸ்பைரா கிருமி, காலில் இருக்கும் சின்னஞ்சிறு வெடிப்பு வழியாகவே உள்ளே போய்விடும். வேலை செய்து சில நாட்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், எலி எச்சத்தைச் சுத்தம் செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: விறகுக் கொட்டிலில் பாம்புச் சட்டை கிடந்தது. கந்தகம், பூண்டுக் கரைசல், நாஃப்தலீன் உருண்டை ஆகியவற்றில் எது பாம்பை விரட்டும்?

பதில்: மூன்றையும் நம்ப முடியாது. அவற்றைத் தாண்டிப் பாம்பு போவதைப் பார்த்தவர்கள் ஏராளம். நாஃப்தலீன் உருண்டையை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொண்ட குழந்தைக்கு வரும் ஆபத்தோ உறுதியானது. கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்பார்கள். கொட்டிலிலோ எலி வளை எடுக்கப் பாம்பு குடிபுகும். எலிக்கு மேலே சொன்னதைச் செய்தால் பாம்புக்கு வேலையில்லாமல் போகும். விறகைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இரும்புச் சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். கறையான் ஏறாமலும் அது காக்கும். விறகை எடுக்கும்போது கையை முதலில் விடாமல் ஒரு நீண்ட கோலால் தட்டுங்கள். பாம்புக்கு வெளிக்காது இல்லாவிட்டாலும் அதிர்வை நன்றாக உணரும்; ஒதுங்க வழி இருந்தால் ஒதுங்கிவிடும். நேரில் பார்த்தால் அடிக்கவோ பிடிக்கவோ முயலாமல், ஒருவர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் பயிற்சி பெற்ற பாம்பு மீட்பாளரை அழைக்க வேண்டும். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: செருகியில் மாட்டினால் மனிதக் காதுக்குக் கேளாத ஒலியை எழுப்பி எலியை விரட்டும் கருவி வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அந்த ஒலி மூட்டைகளைத் தாண்டிப் போகாது; எலியும் சில நாட்களில் பழகிவிடும். அமெரிக்காவின் வணிக ஆணையம் 2001-இலேயே இத்தகைய கருவிகளைச் செய்வோரையும் விற்போரையும் ஆதாரமில்லாத விளம்பரத்துக்காக எச்சரித்தது. அந்தப் பணத்துக்கு ஒரு தகர டிரம் வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் வண்டி ஷெட்டில் ஒரு தெருநாய் குட்டி போட்டிருக்கிறது. அருகில் போன என் மகனின் கையில் பல் பட்டு லேசாகக் கீறிவிட்டது, இரத்தம் வரவில்லை. தடுப்பூசி தேவையா? நாயை எப்படி அப்புறப்படுத்துவது?

பதில்: இவருக்குக் கடிதம் கிடைத்த அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம், மற்றவர்களுக்காக இங்கே தருகிறேன். தேவை, அதுவும் அன்றைக்கே. இரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி போட வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை. தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால் அதோடு நோயெதிர்ப்புப் புரத ஊசியும் காயத்தில் போடப்படும். மருத்துவரிடம் கிளம்புவதற்கு முன் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினால்தான் தெரியும், 15 நிமிடம் எவ்வளவு நீளமென்று. வெறிநாய்க்கடி நோய் அறிகுறி காட்டத் தொடங்கிய பிறகு ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. மனிதருக்கு வரும் இந்நோயில் 99 விழுக்காடு வரை நாய்கள் மூலமே வருகிறது.

நாயைப் பொறுத்தவரை, குட்டியைக் காக்கும் தாய் உறுமுவது இயல்பு. அதை வைத்து அதற்கு வெறி என்று முடிவுகட்ட முடியாது, வெறி இல்லை என்றும் முடிவுகட்ட முடியாது. வண்டியைச் சில வாரங்கள் வெளியே நிறுத்திக்கொண்டு, குழந்தைகளை அந்தப் பக்கம் போகவிடாமல், உள்ளூர் விலங்கு நல அமைப்பிடமோ கால்நடை மருத்துவரிடமோ சொல்லி, குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போட ஏற்பாடு செய்யுங்கள். நாய் நுழைந்தது ஷெட் கதவுக்கு அடியில் இருக்கும் சந்து வழியாகத்தான் இருக்கும். எல்லாம் வெளியேறிய பிறகு அதை இரும்புத் தகட்டால் மூடுங்கள்.

கேள்வி: கொட்டகைக் கூரை இடுக்கில் வௌவால்கள் அடைந்திருக்கின்றன. புகை போடலாமா?

பதில்: முதலில் அவை வௌவால்கள்தானா என்று பாருங்கள். கீழே கிடக்கும் எச்சத்தை ஒரு குச்சியால் நசுக்கினால், பூச்சியின் சிறகுத் துணுக்குகள் மினுமினுக்கப் பொடியாக உதிர்ந்தால் அது பூச்சி தின்னும் வௌவால். கெட்டியாக இருந்தால் எலி. பூச்சி தின்னும் வௌவால் இரவெல்லாம் உங்கள் தொழுவத்துக் கொசுவையும் அந்துப்பூச்சியையும் குறைக்கிறது; பல நாடுகளில் அதைத் தொந்தரவு செய்வதே சட்டப்படி குற்றம். தொல்லை இல்லாவிட்டால் எச்சம் விழும் இடத்தில் ஒரு தட்டியைக் கட்டிவிட்டு விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

வெளியேற்றியே ஆக வேண்டுமென்றால் புகை வேண்டாம். அந்தி மங்கிய பின் வெளியே நின்று, எந்த இடுக்கு வழியாக வருகின்றன என்று பாருங்கள். அந்த இடுக்கின் மேல் ஒரு வலையை மேலேயும் பக்கங்களிலும் பொருத்தி, கீழ்ப்பக்கம் தளர்வாகத் தொங்கவிட்டால், வெளியே வருபவை சறுக்கி இறங்கிப் பறந்துவிடும். திரும்ப ஏற வழி தெரியாது. ஒரு வாரம் கழித்து அடைக்கலாம். குட்டிகள் இருக்கும் காலத்தில் இதைச் செய்யவே கூடாது. பெரும்பாலான இனங்கள் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும், அதுவும் முதல் சில வாரங்கள் பறக்காது. தாய் வெளியே, குட்டி உள்ளே என்று ஆகிவிடும். தரையில் விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள்.

கேள்வி: கோழிவலை அடித்த கூண்டிலிருந்து இரவில் கோழிகள் காணாமல் போகின்றன. கீரியா, மரநாயா?

பதில்: யாராக இருந்தாலும் குற்றவாளி அந்த வலைதான். அறுகோணக் கண்ணுள்ள கோழிவலை, கோழியை உள்ளே வைத்திருக்க மட்டுமே உதவும். நாய் அதைக் கிழித்துவிடும், எலியும் கீரிப்பிள்ளைக் குட்டியும் கண் வழியாகவே நுழையும். 12 மில்லிமீட்டர் கண்ணுள்ள வெல்டு மெஷ்ஷுக்கு மாறுங்கள். தோண்டி வரும் விலங்கு சுவரின் அடியிலேயே தோண்டும் என்பதால், வலையைக் கீழே கொண்டுவந்து வெளிப்பக்கமாக 30 சென்டிமீட்டர் தரையில் படுக்கவைத்து, மேலே மண்ணோ கல்லோ போடுங்கள். வலையின் மேலேயே தோண்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். மரநாய் ஏறி வரும், கூண்டின் மேற்பகுதியையும் மூடுங்கள். கொக்கியை விரலால் தட்டினால் திறக்கும்படி வைக்காமல், இரண்டு அசைவில் திறக்கும் தாழ்ப்பாளாகப் போடுங்கள்.

கேள்வி: ஷெட் சுவரில் குளவிகள் மண்கூடு கட்டுகின்றன. கொட்டுமா? கொளுத்திவிடலாமா?

பதில்: தீயை மரக்கூரைக்கு அருகே கொண்டுபோகவே வேண்டாம். காகிதம் போன்ற பெரிய கூட்டில் கூட்டமாக வாழும் கதண்டு என்றால், தீயணைப்பு வீரர்களையோ பயிற்சி பெற்றவரையோ அழையுங்கள், நீங்களே தொடாதீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது தனித்து வாழும் மண்குளவி. கையால் பிடித்து நசுக்கினாலொழியக் கொட்டாது. கூட்டைக் காக்கவும் வராது. ஒவ்வோர் அறையிலும் மயக்கிய சிலந்திகளை அடைத்து, ஒரு முட்டையிட்டு, மண்ணால் மூடிவிட்டுப் போய்விடும். வட்டமான ஓட்டை விழுந்திருந்தால் குஞ்சு பறந்துவிட்டது என்று பொருள். அந்தக் கூட்டை மட்டும் கரண்டியால் சுரண்டி எடுங்கள்.